தராசுக்கு மேலே மாட்டிய கோடு

புதன்கிழமை சுபுஹுத் தொழுகை முடிந்த கையோடு கியாசுதீன் ஆறு வெள்ளாட்டுத் தலைகளைத் திறந்தார். தீயில் வாட்டாத தலைகள். ரோமம் அப்படியே இருந்தது. புளியங்கட்டை மேல் ஒவ்வொன்றாக நிமிர்த்தி வைத்து, நெற்றிக்குக் குறுக்கே ஒரு வெட்டு, பக்கத்துக்கு ஒரு வெட்டு, பிறகு கத்தி முனையால் ஒரு நெம்பு. மண்டையோட்டின் மேல்பாகம் டப்பா மூடிபோலக் கழன்று வந்தது. உள்ளே மூளையில் ஒரு கீறல் இல்லை.

மகள் ஃபைஸா எதிரில் நின்றாள். மூளையின் இரு பாதிகளையும் மெல்ல விலக்கி, இடுக்கியை உள்ளே விட்டு, துவரம்பருப்பு அளவில் சாம்பல் நிறமாக இருந்த ஒன்றை எடுத்தாள். பீனியல் சுரப்பி. சின்னக் குழாயில் போட்டு, ட்ரை ஐஸ் நிரப்பிய தெர்மோகோல் பெட்டிக்குள் செருகினாள். ஆறு தலை, ஆறு குழாய்.

"இன்னா புள்ள, இன்னிக்கி பேச்சே காணோம்?"

"தூக்கம் அத்தா."

"ஆறு போதுமா? உள்ள இன்னும் ரெண்டு கீது. மகாபலிபுரத்து ஓட்டல்காரன் தலைக்கறி கேட்டு வந்தான். இல்லன்னு திருப்பி அனுப்ச்சிட்டேன்."

"போதும்."

அந்த ஆறும் எதற்கும் பயன்படாது என்று அவளுக்குத் தெரியும். பத்தொன்பது நாளாகத் தெரியும். அன்று காலை சொல்லிவிடுவது என்றுதான் வந்திருந்தாள். ஆனால் அவர் பாங்குக்கு முன்பே அறுத்து, தலைகளை ஒதுக்கி, ஈரச் சாக்கில் சுற்றி வைத்திருந்தார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது தராசுக்கு மேலே மாட்டியிருந்த படத்தைப் பார்க்காமல் கிளம்பினாள்.

செங்கல்பட்டு மார்க்கெட்டில் கியாசுதீனின் கறிக்கடை அவர் தகப்பனார் காலத்துக் கடை. ஒன்பதாவது வரை படித்தார். பிறகு நாற்பத்தொரு வருடம் அந்தக் கட்டைக்குப் பின்னால் நின்றார். செவ்வாய்க்கிழமை செய்யூர்ப் பக்கம் வண்டியில் போய் ஆடு பார்ப்பார். சவுக்குத் தோப்புகளுக்கு நடுவே மேய்ந்த ஆடு என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவார். மகாபலிபுரத்தில் மூன்று ஓட்டல்களுக்குக் கறி போட்டார். கடற்கரைக்கு அவ்வளவு பக்கத்தில் போய் வந்தும் மீனைத் தொட்டதில்லை. கோழியைக் கறி என்றே ஒப்புக்கொண்டதில்லை. ஐந்து கடை தள்ளிக் கோழிக்கடை வைத்திருந்த செல்வராஜுக்கு அவர் வைத்த பெயர் இறகு வியாபாரி. செல்வராஜ் அவரைச் சுல்தான் என்று கூப்பிட்டார். இரண்டு பேரும் இருபது வருடம் தெருவில் நின்று ஒருவரை ஒருவர் வாரிக்கொண்டார்கள். ஒருவர் கடைக்குள் ஒருவர் கால் வைத்ததில்லை.

ஊரில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. கியாசு பாய் கடைக் கறியைக் கழுவினால் தண்ணீர் சிவக்காது என்பார்கள். பிஸ்மில்லா சொல்லி அறுத்த பிறகு ரத்தம் முழுக்க வடிய வேண்டும், துடிப்பு அடங்க வேண்டும், அதற்கு முன் தோலில் கத்தி வைக்கக் கூடாது. எல்லாக் கடைக்கும் இதுதான் விதி. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் எல்லாக் கடையும் காத்திருக்காது. அவர் காத்திருப்பார். வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுத்தால், "ரத்தத்த துன்னணும்னா எதிர்க்கட போ" என்பார். வேறு எதிலும் அவருக்குப் பெருமை கிடையாது. மகள் விஷயத்தில் மட்டும் இருந்தது.

ஃபைஸா ஊரப்பாக்கம் பக்கத்தில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சி மாணவி. செரட்டோனினைத் தயாரிக்கும் நொதியை எலியின் குடலில் கண்டுபிடித்து அளப்பது அவள் வேலை. எலிகளுக்கு அனுமதி தர வேண்டிய குழு மாதக் கணக்கில் கூடவில்லை. அதற்குள் நொதியைப் பிடிக்கும் ஆன்டிபாடி வந்துவிட்டது. அது வேலை செய்கிறதா என்று பார்க்க, அந்த நொதி நிச்சயம் இருக்கும் திசு ஏதாவது வேண்டும். பீனியல் சுரப்பியில் அது ஏராளம் என்று ஆய்வுக்கூடத் தலைவர் பிரபாவதி சொன்னார். "ஆட்டு மண்டையில ஈசியா எடுக்கலாம். ஆனா யார்கிட்ட போய்க் கேக்கறது?"

"எங்க அத்தா கறிக்கடைதான் மேடம்" என்றாள் ஃபைஸா. ஐந்து வருடப் படிப்பில் அதை அவள் அந்தக் கட்டடத்துக்குள் சொன்னது அன்றுதான்.

கியாசுதீனுக்கு இது சரிப்பட ஒரு மாதம் ஆனது. முதல் வாரம் வழக்கம்போலத் தலையை நடுவில் பிளந்தார், சுரப்பி நசுங்கியது. இரண்டாவது வாரம் பழக்கத்தில் தலைகளை வாட்டிவிட்டார். உள்ளே பாதி வெந்திருந்தது. மூன்றாவது வாரம் மூடி திறக்கும் முறையைத் தானே கண்டுபிடித்தார். இருட்டில் அந்த நொதி கூடுதலாக இருக்கும், வெளிச்சம் பட்டால் குறையும் என்று ஃபைஸா ஒரு தடவை பேச்சுவாக்கில் சொன்னாள். அதிலிருந்து அவளுக்கான ஆடுகளை மட்டும் பாங்கு சொல்வதற்கு முன்பே அறுத்தார்.

"அந்த நொதி நொதின்றியே, அது இன்னா செய்யும்?"

"செரட்டோனின் செய்யும் அத்தா. மனசு, தூக்கம், பசி, எல்லாத்துக்கும் அது வேணும்."

"அப்ப மேஸ்திரி மாரி."

"அப்படித்தான். ஆனா தொண்ணூறு பங்கு குடல்லதான் நடக்குது."

"போட்டிக் குடல்லதான் சந்தோசம் கீதுன்னு நா முப்பது வருசமா சொல்றேன். எவன் கேட்டான்?"

ஆன்டிபாடியால் நொதியைப் பிடிக்கும் முறை சிக்கலானதல்ல. சுரப்பியை அரைத்து அதிலுள்ள புரதங்களை ஒரு மெல்லிய கூழ்ப்பலகையில் ஓட விட்டால், சின்னது முன்னும் பெரியது பின்னுமாகப் பிரியும். அந்த வரிசை கலையாமல் ஒரு வெள்ளைத் தாளுக்கு மாற்றி, அதன் மேல் முதல் ஆன்டிபாடியை ஊற்ற வேண்டும். அது நொதியைத் தேடிப் பிடிக்கும். ஆனால் அதைக் கண்ணால் பார்க்க முடியாது. அதனால் இரண்டாவது ஆன்டிபாடி. அது முதலாவதைப் பிடித்துக்கொண்டு ஒளிரும். நொதி இருக்கும் இடத்தில் ஒரு கோடு தெரியும்.

முதல் முயற்சியிலேயே கோடு தெரிந்தது. தடித்த, கரிய, சுத்தமான கோடு. நொதியின் அளவுக்கு எந்த இடத்தில் வர வேண்டுமோ அதே இடம். ஃபைஸா அதை அச்செடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள். மறுநாள் கியாசுதீன் அதை லேமினேட் செய்து தராசுக்கு மேலே ஆணி அடித்து மாட்டிவிட்டார்.

கல்பாக்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கோதண்டராமன் ஞாயிறு தவறாமல் வரும் வாடிக்கையாளர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படத்தைப் பார்த்தார்.

"என்ன பாய் இது, யாருக்கு எக்ஸ்ரே?"

"எக்ஸ்ரே இல்ல சார். மனசு நல்லா கீறதுக்கு உடம்புல ஒரு சரக்கு ஓடுதாம். அத்த செய்யிற மேஸ்திரி இது. நம்ம கட ஆட்டுத் தலையில கீறான். எம் பொண்ணு புடிச்சிருக்கா."

"அப்போ எனக்கு அரைக் கிலோல மேஸ்திரி உள்ள பக்கமா பார்த்துப் போடுங்க."

"உங்க வூட்டம்மா மூஞ்சப் பாத்தா ரெண்டு மேஸ்திரி போடணும் சார்."

இந்தப் பேச்சை அவர் அலுக்காமல் எல்லாரிடமும் பேசினார். கேட்கிறவர்கள்தான் அலுத்தார்கள்.

மூன்று வாரம் கழித்து பிரபாவதி அந்தப் படத்தை நிதானமாகப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "முதல் ஆன்டிபாடி இல்லாம ஓட்டிப் பார்த்தியா?"

பார்க்கவில்லை. எந்த மாணவியும் முதலில் செய்ய வேண்டிய சோதனை. அவள் செய்யவில்லை. கோடு அவ்வளவு அழகாக இருந்தது. அன்றே ஓட்டினாள். முதலாவதை ஊற்றாமல் இரண்டாவதை மட்டும் ஊற்றினாள். ஒன்றும் தெரியக் கூடாது.

அதே கோடு, அதே இடத்தில், அதே தடிமனில் வந்தது.

முதல் ஆன்டிபாடி செம்மறி ஆட்டின் உடலில் உருவாக்கப்பட்டது. இரண்டாவதற்குத் தெரிந்ததெல்லாம் செம்மறியின் ஆன்டிபாடியைப் பிடிப்பது. வெள்ளாட்டு ரத்தத்திலும் அதேபோல் ஆன்டிபாடிகள் உண்டு. கிட்டத்தட்ட ஒரே அச்சு. இரண்டாவது ஆன்டிபாடி வித்தியாசம் பார்க்காமல் அதையும் பிடித்துக்கொண்டது. அந்த ரத்தப் புரதத்தின் பெரிய துண்டு ஏறத்தாழ நொதியின் அளவே இருக்கும். அதனால் சரியான இடத்தில் நின்றது.

"நீ பார்த்தது நொதி இல்ல, ஃபைஸா. ரத்தம்" என்றார் பிரபாவதி. கோபமாகச் சொல்லவில்லை. "எலியோ மனுஷனோ வச்சு ஓட்டுறவங்களுக்கு இந்தத் தப்பு வராது. வெள்ளாட்டை வச்சதாலதான்."

செம்மறிக் கறியையும் வெள்ளாட்டுக் கறியையும் கியாசுதீன் கொழுப்பை முகர்ந்தே பிரித்துச் சொல்வார். சின்ன வயதில் அவளுக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறார். இரண்டுக்கும் ரத்தம் நெருக்கம் என்பது அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

தப்பு நடந்தது பெரிய விஷயமில்லை. ஆய்வுக்கூடத்தில் வாரம் ஒன்று நடக்கும். அத்தாவிடம் எப்படிச் சொல்வது என்பதுதான். சந்தோஷம் செய்யும் மேஸ்திரி என்று ஊருக்கெல்லாம் காட்டிய கோடு, அவர் கடை ஆட்டில் வடியாமல் நின்ற ரத்தம்.

அம்மா சம்சாத் பேகத்திடம் சொன்னாள். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"வேற எதுன்னாலும் தாங்குவாரு. ரத்தம்னு மட்டும் சொல்லாத."

"வேற என்னம்மா சொல்றது? அது ரத்தம்தான்."

"அப்ப சீக்கிரமா சொல்லிடு. தள்ளிப் போட்டா அது வேற ஒண்ணா ஆயிடும்."

தள்ளிப் போட்டாள். அதில்தான் அந்தப் புதன்கிழமை வந்தது. காலை ரயிலில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஊரப்பாக்கத்தில் இறங்கினாள். ஆறு குழாய்களையும் மைனஸ் எண்பது ஃப்ரீசரின் கீழ்த்தட்டில் வைத்தாள். குப்பையில் போடக் கை வரவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு கடை மூடியிருக்கும். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அவர் கட்டைக்குக் கல்லுப்பு தேய்த்துக்கொண்டிருந்தார். ஃபைஸா குனிந்து உள்ளே போனாள்.

"அத்தா, அந்தப் படம் தப்பு."

"எந்தப் படம்?"

"மேல மாட்டியிருக்கிறது. அது நொதி இல்ல."

"யாரு சொன்னது?"

"நானே பார்த்தேன். நொதியைப் பிடிக்கிற மருந்தை ஊத்தாமலே கோடு வந்துது."

"அப்ப அது இன்னாது?"

"ரத்தம். ஆட்டு ரத்தத்துல இருக்கிற புரதம்."

உப்புத் தேய்த்த கை நின்றது. அவர் திரும்பவில்லை.

"எங்க கட ஆட்டுலயா?"

"எந்தக் கடை ஆடா இருந்தாலும் அத்தா—"

"எங்க கட ஆட்டுலயான்னு கேட்டேன்."

"ஆமா."

வெளியே யாரோ ஷட்டரைத் தட்டி, "பாய், ஈரல் கீதா?" என்றார்கள். காலடி நகர்ந்து போனது.

"எப்பத்துலேந்து தெரியும்?"

"மூணு வாரமா."

"புதன்கெழம ஆறு தல தொறந்தனே."

கையில் ஒட்டிய உப்பைத் தட்டினார்.

"ஓட்டல்காரன திருப்பி அனுப்ச்சனே, நீ நின்னு பாத்துகினு இருந்தியே."

மறுபடி உப்பைத் தேய்க்க ஆரம்பித்தார். பிறகு கட்டையைப் பார்த்தே சொன்னார்:

"ஓடுற ரத்தம்தான் ஹராம். கறிக்குள்ள நிக்கிறதுக்குக் கணக்கில்ல. கிதாபுல கீது. உன் மிஷினு கிதாபு படிக்கல போல."

அது வேடிக்கையா கோபமா என்று அவளுக்குத் தெரியவில்லை. முகத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

"எதுலதான் அது வராது?"

"கோழியில வராது. கோழி ரத்தம் வேற."

"கோழியா" என்றார். அவ்வளவுதான்.

சனிக்கிழமை முழுக்க அவர் அவளிடம் பேசவில்லை. சாப்பாட்டில் உட்கார்ந்து அம்மாவிடம் உப்பு கேட்டார். சாயங்காலம் எங்கேயோ போய்விட்டு நேரம் கழித்து வந்தார். கையைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினார். ஃபைஸா கூடத்தில்தான் இருந்தாள். எழுந்து போய் ஏதாவது கேட்டிருக்கலாம். நாளை ஞாயிறு, கூட்டம் முடிந்து மத்தியானம் பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

ஞாயிறு காலை ஒன்பதரைக்குக் கடையிலேயே போய்விட்டார். மாரடைப்பு. எதிரில் நின்றவர் கோதண்டராமன்.

"எனக்கு அரைக் கிலோ நிறுத்திட்டு, தட்டைப் பிடிச்சுக்கிட்டே உட்கார்ந்துட்டார்மா. கொழுப்பை எடுத்துப் போடறார்னு நினைச்சேன். வழக்கமா எடுப்பார். நான் பேசிட்டே இருந்தேன். ஒரு நிமிஷம் பேசிட்டேதான் இருந்தேன்." இதை அவர் வாசலில் நின்று மூன்று பேரிடம் மூன்று தடவை சொன்னார். ஒவ்வொரு தடவையும் அந்த ஒரு நிமிஷத்தைச் சொன்னார்.

அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் செய்தார்கள். ஆண்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். அம்மா இத்தாவில் உட்கார்ந்தாள். இனி நாலு மாதம் பத்து நாள் வாசல் தாண்ட மாட்டாள். அண்ணன் ஆகிப்புக்கு ஐ.டி. வேலை, கடையை எடுத்து நடத்த மாட்டான், அதை யாரும் அவனிடம் கேட்கவும் இல்லை. கடையைச் சுத்தம் செய்து மார்க்கெட் ஆபீசில் சாவியைத் திருப்பித் தரும் வேலை ஃபைஸாவுக்கு வந்தது.

வியாழக்கிழமை காலை ஷட்டரை ஏற்றினாள். படம் ஆணியில் அப்படியே இருந்தது. வெள்ளிக்கிழமை அவள் சொன்ன பிறகும் அவர் அதைக் கழற்றவில்லை. மறந்தாரா, நம்பவில்லையா, தொட மனமில்லையா. நாலு நாளாக அவள் யோசித்துக்கொண்டிருந்ததும் அது ஒன்றுதான். அவள் சொன்னதை அவர் எப்படி எடுத்துக்கொண்டார்? இந்த ஒன்றை எந்த ஆன்டிபாடியாலும் பிடித்துப் பார்க்க முடியாது. கேட்பதற்கு ஆள் இல்லை.

கட்டையைக் கழுவிக்கொண்டிருந்தபோது செல்வராஜ் வந்து நின்றார். செருப்பை வெளியே கழற்றிவிட்டு நின்றார். கறிக்கடைக்கு யாரும் செருப்பைக் கழற்றுவதில்லை.

"எம்மா, ஒண்ணு கேக்கணும். சொல்லலாமா வோணாவான்னு நாலு நாளா மண்ட காயுது."

"சொல்லுங்க அண்ணே."

"சனிக்கெழம சாயங்காலம் பாய் நம்ம கடைக்கு வந்தாரு. இருவது வருசத்துல மொத தபா. பத்து கோழித் தல வோணும்னாரு. நா சிரிச்சிட்டேன். இன்னா சுல்தானே, கடசில கோழிக்கு எறங்கிட்டியான்னேன். தப்பும்மா. தெரியாம சொல்ட்டேன்."

"அவரு என்ன சொன்னாரு?"

"திட்டல. 'எம் பொண்ணுக்கு வோணும்டா, எறகு. எங்க கட ஆட்டுல ஆவலியாம்'னாரு."

ஃபைஸா கையிலிருந்த தேய்ப்பானைக் கீழே வைத்தாள்.

"அப்பறம் கோழி மண்டைய எப்டித் தொறக்கறதுன்னு என்னியக் கேட்டாரு. நா எங்க தொறந்தேன், வெட்டித் தூக்கிப் போடறதுதான் நம்ம வேல. சரின்னு ரெண்டு தல எடுத்துக் குட்த்தேன். ஸ்டூல்ல உக்காந்துகினு சின்னக் கத்திய வெச்சிகினு ஒரு மணிநேரம் பாத்தாரு. ரெண்டுமே நசுங்கிப் பூட்ச்சு. 'இன்னாடா இது, முட்ட ஓடு மாரி கீது, இத்தயெல்லாம் ஒரு உயிருன்னு விக்கிறியே'ன்னு எனுக்குத்தான் திட்டு. திங்கக்கெழம வர்றேன், பத்து உருப்படி நிறுத்தி வைய்யி, நானே பிஸ்மி சொல்லி அறுத்து நானே தொறந்துக்கறேன்னாரு."

"எத்தனை மணிக்கு வரேன்னாரு?"

"அதான்மா புரியல. நாலு மணிக்கேன்னாரு. தொழுதுட்டு வாயேன் பாய்ன்னேன். தொழுதுட்டு வந்தா வெளிச்சம் வந்துடும், வெளிச்சம் பட்டா அவ தேடறது கொறைஞ்சிடும்டான்னாரு. அது இன்னாதும்மா, வெளிச்சம் பட்டா கொறையறது?"

ஃபைஸா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டாள். பாய் கேட்டதாயிற்றே, அந்தப் பத்து உருப்படியை என்ன செய்யட்டும் என்று செல்வராஜ் கேட்டார். விற்காமல் கூண்டில் தனியாக விட்டு வைத்திருப்பதாகச் சொன்னார்.

அன்றிரவு ஃபைஸா ஆய்வுக் குறிப்பேட்டில் எழுதினாள்: வரும் திங்கட்கிழமை, விடியற்காலை நாலு மணி, செல்வராஜ் கடை. பத்துக் கோழித் தலை, வெளிச்சம் படுவதற்கு முன். இன்னும் வாங்கவில்லை.